அழிப்பு மென்பொருளுக்குப் பின் முரண்டு பிடிக்கும் ஹார்டு டிஸ்க்

கோப்புகளை மீட்க முடியாதபடி அழிக்கும் மென்பொருளை ஓட்டிய பிறகு, ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டது என்றோ, அப்படியொரு டிஸ்க்கே இல்லை என்றோ கணினி காட்டினால், உடனே அது பழுதாகிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த மென்பொருள் காலி இடத்தை மட்டும் துடைத்ததா, முழு டிஸ்க்கையும் துடைத்ததா என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

காலி இடத்தைத் துடைக்கும் மென்பொருள், மிச்சமிருக்கும் இடம் முழுவதையும் தற்காலிகக் கோப்புகளால் நிரப்பிவிட்டு, வேலை முடிந்ததும் அவற்றைத் தானே நீக்கிவிடும். நடுவில் மின்சாரம் போனாலோ, நாம் பொறுமையிழந்து சாளரத்தை மூடினாலோ, அந்தக் கோப்புகள் அப்படியே தங்கிவிடும். விண்டோஸிலேயே உள்ள சைஃபர் கட்டளை முதலில் சுழியங்களையும், அடுத்து ஒன்றுகளையும், கடைசியாகத் தாறுமாறான எண்களையும் எழுதுவதால், பெரிய டிஸ்க்கில் பல மணி நேரம் ஓடும். பாதியில் நிறுத்தத் தோன்றுவதில் வியப்பில்லை. அப்படி நின்றுபோனால், மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்துவிட்டு டிரைவின் முதல் அடுக்கைப் பாருங்கள். 'இஎஃப்எஸ்டிஎம்பிடபிள்யுபி' என்ற ஆங்கில எழுத்துகளைப் பெயராகக் கொண்ட கோப்புறை இருந்தால், அதைத் தயங்காமல் நீக்கலாம். போன இடம் திரும்பிவிடும்.

முழு டிஸ்க்கையும் துடைத்திருந்தால், டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று குறித்துவைக்கும் பகிர்வு அட்டவணையும் சேர்ந்தே அழிந்திருக்கும். அதனால்தான் எக்ஸ்ப்ளோரரில் அது தென்படுவதில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, அங்கே தெரியும் டிஸ்க்கின் கொள்ளளவை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்த பின், இனிஷியலைஸ் செய்து (அதாவது புதிய பகிர்வு அட்டவணை எழுதி), பகிர்வு உருவாக்கி, ஃபார்மேட் செய்யுங்கள். அப்போது எம்பிஆர், ஜிபிடி என்ற இரு பகிர்வு அட்டவணை முறைகளில் ஒன்றைக் கேட்கும். எம்பிஆர் முறை 2 டிபிக்கு மேல் கையாளாது என்பதால், பெரிய டிஸ்க்குக்கு ஜிபிடி முறையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் டிஸ்க் திணறினால், அதன் உடல்நிலையைப் பார்க்க வேண்டியதுதான். முழுத் துடைப்பு ஒவ்வொரு செக்டரையும், அதாவது தரவு எழுதப்படும் சிறு பகுதியையும், தொடுவதால், வெகுநாளாக யாரும் எட்டிப் பார்க்காத பலவீனமான செக்டர்கள் அப்போது வெளிப்படும். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 05 (மாற்றப்பட்ட செக்டர்கள்), சி5 (சந்தேகத்தில் காத்திருக்கும் செக்டர்கள்), சி6 (சரிசெய்ய முடியாத செக்டர்கள்), சி7 (தரவுப் பரிமாற்றப் பிழைகள்) ஆகிய வரிகளைக் கவனியுங்கள். அங்கே 'ரா வேல்யூஸ்' என்ற நெடுவரிசையில் உள்ள மதிப்புகள் வழக்கமாகப் பதினாறடிமான எண்களில் இருக்கும். 10 என்று தெரிந்தால் அது பதினாறு. சி5 குறைந்து 05 சற்றே கூடியிருந்தால், கெட்ட செக்டர்களுக்குப் பதிலாக உபரி செக்டர்கள் வந்துவிட்டன என்று பொருள். ஆனால் 05 நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால், அந்த டிஸ்க்கை நம்ப வேண்டாம். அதில் கோப்புகள் மிச்சமிருந்தால், டிஸ்க் பிழைகளைச் சரிபார்க்கும் விண்டோஸ் கட்டளையான செக்டிஸ்க்கை ஓட்டும் முன்பே வேறிடத்துக்கு நகலெடுங்கள். சி7 மட்டும் ஏறினால், பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான்.

சுழலும் தட்டுக்குப் பதில் நினைவகச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு இந்த மேலெழுதும் முறையே பொருந்தாது. அதன் ஆயுள்தான் தேயும். ஏற்கெனவே ஓட்டிவிட்டு வேகம் குறைந்திருந்தால், தற்காலிகக் கோப்புகளை நீக்கியபின் விண்டோஸின் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் வசதியைக் கொண்டு டிரிம் செய்து (எந்த இடங்கள் காலி என்று எஸ்எஸ்டிக்குத் தெரிவித்து) பாருங்கள்.