மினி ஃபேஸ்லிஃப்ட்: பிறகு வருத்தப்பட வைக்கும் தவறுகள்

கண்ணாடி முன் நின்று, இரண்டு கன்னத்தையும் விரலால் காதுப் பக்கம் இழுத்துப் பார்த்து, “இப்படி இருந்தால் போதும்” என்று முடிவு கட்டுகிறோமே, பெரும்பாலான மனக்குறை அங்கேதான் தொடங்குகிறது. விரலால் இழுக்கும்போது மூக்கோரக் கோடு, கண்ணோரச் சுருக்கம், தாடைத் தொங்கல் எல்லாம் ஒரே நேரத்தில் மறையும். மினி ஃபேஸ்லிஃப்ட் என்ற, சின்னக் கீறலில் முகத்தைத் தூக்கும் அறுவை அப்படி வேலை செய்யாது. காதை ஒட்டிக் கீறி, தோலுக்கு அடியில் உள்ள ஸ்மாஸ் என்ற படலத்தைத் தையலால் மேலே தூக்கிக் கட்டுவார்கள். 1976-இல் இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த படலம் இது. இதனால் தாடையோரத் தொங்கல் நன்றாகக் குறையும். கழுத்துத் தொய்வு ஓரளவுதான் சரியாகும். நெற்றிச் சுருக்கமும் கண்ணுக்குக் கீழே உள்ள பையும் இருந்தபடியே இருக்கும்.

கழுத்துதான் உறுத்துகிறது என்பவர், தழும்பு சின்னது, செலவு குறைவு என்று மினியைத் தேர்ந்தெடுத்தால், டாக்டர் எவ்வளவு கச்சிதமாகச் செய்தாலும் திருப்தி வராது. முகத்தில் எது உறுத்துகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். “இதில் எது சரியாகும், எது ஆகாது?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எல்லாமே சரியாகிவிடும் என்று தலையாட்டும் இடத்தில் எனக்கு நம்பிக்கை வராது.

“அறுவையே வேண்டாம், தோலுக்கு அடியில் நூல் போட்டுத் தூக்கினாலே போதும்” என்று நம்புவதும் அப்படித்தான். உள்ளே போடும் நூல் பெரும்பாலும் காலப்போக்கில் கரைந்துவிடும். அறுவை கொடுக்கும் தூக்கலை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

அடுத்தது தேதி. மகள் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்னால் போய்ப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். வீக்கமும் கன்றலும் வடியவே இரண்டு மூன்று வாரம் ஆகும். காதைச் சுற்றி மரத்த உணர்வு மாதக்கணக்கில் நீடிக்கலாம். மரத்த காதில் கனமான ஜிமிக்கி இழுப்பதுகூடத் தெரியாது. விசேஷத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் இருக்கட்டும். கத்திரி வெயிலையும் கணக்கில் வையுங்கள். புதுத் தழும்பில் வெயில் பட்டால் கறுக்கும்; பாண்டி பீச் ரோடு நடையை வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும்.

பெரிய தவறு ஒன்று உண்டு. காலையில் பாண்டியில் செய்துகொண்டு, சாயங்காலமே கடலூர் பஸ் ஏறிவிடலாம் என்ற நினைப்பு. இந்த அறுவையில் அதிகம் வரும் சிக்கல், தோலுக்கு அடியில் ரத்தம் கட்டுவது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். ஆண்களுக்கும் பிபி உள்ளவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அதனால் அன்று ராத்திரி ஊருக்குள்ளேயே தங்குவது நல்லது.

ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, நாட்டு மருந்து என்று எதைச் சாப்பிட்டாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதயத்துக்காக எடுக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்னாலேயே விட வேண்டும், அப்புறமும் சில வாரம் தொடக்கூடாது. இல்லாவிட்டால் ரத்த ஓட்டம் குறைந்து, காதுக்குப் பின்னால் தோல் கறுத்து அழுகலாம். உடம்பில் எங்காவது தழும்பு தடித்து வளர்ந்திருந்தால் அதையும் காட்டுங்கள்.

செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். என்ற சிறப்பு மேற்படிப்பு முடித்தவரா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். அழகு அறுவைக்கு இன்சூரன்ஸ் பொதுவாகக் கிடைக்காது, பணத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் கண்ணாடி பார்த்து எடை போடாதீர்கள். “என்னக்கா, மூஞ்சி ஒரு பக்கம் கோணலா இருக்கு?” என்று சொந்தக்காரர் கேட்பதும் அந்த நாட்களில்தான். அறுவைக்கு முன்பு எடுத்த படத்தை வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்து அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில், மோவாயைத் தூக்காமல் எடுத்த படத்தோடு அதை ஒப்பிடுங்கள்.