கிளி ‘திடீரென்று’ கடிப்பதில்லை: நாம் தப்பாகப் புரிந்துகொள்ளும் சைகைகள்

“நல்லா கொஞ்சிக்கிட்டுத்தான் இருந்துச்சு, திடீர்னு கடிச்சிடுச்சு.” கிளி வளர்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற புகார் இது. கடிபட்ட விரலைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ‘திடீர்’ மட்டும் பெரும்பாலும் உண்மையில்லை. கடிப்பதற்கு முன்பே கிளி நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கும்.

அந்தச் சில நொடிகளைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். கையில் உட்கார்ந்து எதையோ கொறித்துக்கொண்டிருக்கும் கிளி முதலில் கொறிப்பதை நிறுத்தும். உடம்பு அப்படியே இறுகி அசையாமல் நிற்கும். தளர்ந்து கிடந்த இறகுகள் உடலோடு ஒட்டிக்கொள்ள, ஆளே சற்று மெலிந்தது போலத் தெரியும். நெருங்கி வரும் விரலிலிருந்து விலகி லேசாகப் பின்னால் சாயும். அப்புறமும் விரல் வந்தால் அலகைத் திறந்து காட்டும். எல்லாம் கண் இமைக்கும் நேரம்தான். அதையும் மீறிக் கை நீட்டினால் மிச்சமிருப்பது கடி ஒன்றுதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று இருக்கிறது. எச்சரித்து எச்சரித்துப் பார்த்தும் பயனில்லை என்று தெரிந்துவிட்ட கிளி, நாளடைவில் எச்சரிப்பதையே விட்டுவிடும். நேராகக் கடிக்கு வந்துவிடும். ‘முன்கோபி’ என்று பெயர் வாங்கிய பல கிளிகளின் கதை இதுதான். விலகிச் சாயும்போதே கையை அமைதியாக நிறுத்திக்கொண்டால் அந்த நிலைமை வராது.

பேசும் கிளியிடம் ஏமாறுவது இன்னும் சுலபம். “வா, வா” என்று வாய் அழைக்கும்; உடம்போ பின்னால் சாய்ந்து நிற்கும். அப்போது நம்ப வேண்டியது உடம்பை. அந்தச் சொல்லை அது எந்த நேரத்தில் பழகியதோ, அதே மாதிரி நேரம் வந்ததும் சொல்கிறது, அவ்வளவுதான்.

ஒற்றை அடையாளத்தை வைத்து முடிவு கட்டுவது

சைகை அட்டவணைகளை மனப்பாடம் செய்பவர்கள் சறுக்குகிற இடம் இது. கிளியின் ஒரே சைகைக்கு நேரெதிரான இரண்டு பொருள் இருக்கலாம்.

கண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளியால் தன் கண்மணியை வெளிச்சம் மாறாமலேயே சுருக்கி விரிக்க முடியும். பிடித்த தின்பண்டத்தைப் பார்த்தாலும் கண்மணி சட்சட்டென்று சுருங்கி விரியும், கோபத்திலும் அதேதான். அது காட்டுவது உள்ளே ஏதோ கொதிக்கிறது என்பதை மட்டும்தான். மகிழ்ச்சியா, ஆத்திரமா என்பதை உடம்பின் மற்ற பாகங்கள் சொல்லும். உடம்பு தளர்ந்து, மெதுவாக ஏதோ முனகிக்கொண்டிருந்தால் கவலையில்லை. வால் இறகுகள் விசிறி போல விரிந்து, பிடரி இறகுகள் சிலிர்த்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றால் கையை எடுத்துவிடுவது நல்லது. அமேசான் கிளி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகவே பழக்கமாகியிருக்கும். கண் முழுக்கக் கருப்பாகத் தெரியும் இனங்களிலும் குஞ்சுகளிலும் கண்மணியின் அசைவு சரியாகத் தெரியாது என்பதால் அங்கே கண்ணை நம்பிப் பயனில்லை.

தலை குனிவதும் அப்படித்தான். கழுத்து இறகுகளைப் பொசுபொசுவென்று விரித்து, பிடரியைக் காட்டிக் குனிந்தால் “சொறிந்து விடு” என்று கேட்கிறது. இறகுகள் ஒட்டி, கழுத்து நீண்டு, கண் உங்கள் மேலேயே இருக்கக் குனிந்தால் பாயத் தயாராகிறது. தூரத்திலிருந்து இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

காக்டீல் என்ற கொண்டைக் கிளியை வளர்ப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. கொண்டை குத்திட்டு நின்றால் திடுக்கிட்டிருக்கிறது, அல்லது எதையோ உன்னிப்பாகக் கவனிக்கிறது. தலையோடு ஒட்டிப் படிந்திருந்தால் பயம் அல்லது கோபம். நடுவாக்கில் சாய்ந்திருந்தால் நிம்மதி.

அலகு பட்டாலே கடி என்று நினைப்பது

கிளிக்கு அலகு மூன்றாவது கால். ஏறும்போது அலகால் பிடித்துத்தான் அடுத்த அடி வைக்கும். உங்கள் கையில் ஏறுவதற்கு முன்னும் அலகை நீட்டி விரலைப் பிடித்துப் பார்க்கும். தாங்குமா, ஆடுமா என்ற சோதனை அது. அந்த நேரத்தில் நாம் பதறிக் கையை இழுத்தால் இந்தக் கையை நம்ப முடியாது என்று தெரிந்துகொள்ளும். கூடவே, அலகைக் காட்டினால் கை ஓடிவிடும் என்பதையும் கற்றுக்கொள்ளும். இரண்டாவது பாடம்தான் பிற்பாடு நம்மைப் படுத்தும்.

கையை அசைக்காமல் வைத்திருங்கள். நிஜமாகவே கடித்துவிட்டால் அலறாமல் கிளியைக் கீழே இறக்கிவிட்டு, சற்று நேரம் விலகி இருங்கள். அலறல் கிளிக்கு நல்ல வேடிக்கை. இன்னொரு தடவை கேட்க ஆசைப்படும். அலகைச் சுண்டுவது, கையை உதறி விழவைப்பது போன்ற தண்டனைகளால் பயம் வளருமே தவிர கடி குறையாது.

கையை நீட்டும் விதமும் முக்கியம். தலைக்கு மேலிருந்து இறங்கும் கை, கிளிக்கு வல்லூறு இறங்குவது போலத்தான். பக்கவாட்டில் வந்து, நெஞ்சுக்குக் கீழே, கால்களுக்குச் சற்று மேலாக விரலை நீட்டினால் தானாக ஏறிக்கொள்ளும்.

கத்தினால் பதிலுக்குக் கத்துவது

காலையிலும் மாலையிலும் கிளி கத்துவது இயல்பு. காட்டில் கூட்டம் கூட்டமாக வாழும் பறவை. விடிந்ததும் அடைவதற்கு முன்னும் குரல் கொடுத்துத் தன் கூட்டத்தை விசாரிக்கும். நீங்கள் வேறு அறைக்குப் போனதும் கூப்பிடுவதும் இதே விசாரிப்புதான். வீட்டில் அதன் கூட்டம் நீங்கள்.

“சும்மா இரு!” என்று இங்கிருந்து கத்தினால் கிளி என்ன நினைக்கும்? பதில் வந்துவிட்டது, இதே மாதிரி கூப்பிட்டால் போதும் என்றுதான். அதற்குப் பதிலாக ஒரு சின்ன விசிலையோ சொல்லையோ ‘இங்கேதான் இருக்கேன்’ என்பதற்கு அடையாளமாகப் பழக்குங்கள். கிளி அந்த மெல்லிய ஒலியைக் கொடுக்கும்போது உடனே பதில் சொல்லுங்கள். தண்டனையாகக் கூண்டைத் துணி போட்டு மூடுவதில் அர்த்தமில்லை. இரவில் 10 முதல் 12 மணி நேரம் தூங்கவிடுவது வேறு, அது கட்டாயம் வேண்டும். தூக்கம் குறைந்த கிளி சிடுசிடுப்பாகத்தான் இருக்கும்.

பாசம் என்று முதுகைத் தடவுவது

நாய், பூனை பழக்கத்தில் எல்லோரும் செய்வது இது. கிளிகளுக்குள் முதுகு, வாலடி, சிறகின் அடிப்பகுதி ஆகியவற்றைத் தீண்டுவது ஜோடிக்கான உரிமை. அங்கே தொடர்ந்து தடவினால் நீங்கள் துணை என்று முடிவு செய்துவிடும். அப்புறம் வீட்டில் மற்றவர்களை விரட்டுவது, இருட்டு மூலைகளில் கூடு தேடுவது, சில பெண் கிளிகள் ஓயாமல் முட்டையிடுவது என்று தொல்லைகள் வரிசையாக வரும். தலையும் கழுத்தும் போதும்.

தலையை மேலும் கீழும் ஆட்டி, தின்றதை மெதுவாக வெளியே கொண்டுவந்து உங்களுக்கு ஊட்டப் பார்ப்பதும் ஜோடிப் பாசம்தான். இதை வாந்தியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வாந்தி என்றால் தலையை உதறி இரையை நாலாபக்கமும் சிதறடிக்கும்; தலை இறகுகளில் பிசுபிசுப்பாக ஒட்டியிருக்கும்; கிளியும் சோர்ந்திருக்கும். அதற்கு மருத்துவர் தேவை.

இயல்பைக் கண்டு பயப்படுவது, நோயை இயல்பு என்று விடுவது

இரவில் விளக்கணைத்ததும் கூண்டிலிருந்து ‘கரக் கரக்’ என்று ஏதோ தேய்கிற சத்தம் வரும். மேல் அலகையும் கீழ் அலகையும் உரசிக்கொண்டே தூக்கத்துக்குள் போகிறது. நிம்மதியாக இருக்கிறது என்று பொருள். ஒற்றைக்காலில் தூங்குவது, தலையைத் திருப்பி முதுகு இறகுக்குள் அலகைச் செருகிக்கொள்வது, எப்போதாவது ஒரு தும்மல், ஒரு கொட்டாவி, இறகுகளைக் கோதி முடித்ததும் உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்புவது எல்லாமே இயல்பு. குவாக்கர் என்ற கிளி இனம் தலையையும் உடம்பையும் நடுக்கிக்கொள்வதும் பெரும்பாலும் அப்படியே. இறகு உதிரும் காலத்தில் தலையெல்லாம் முள் முள்ளாகப் புது இறகுகள் முளைக்கும். வளரும் இறகுக்குள் ரத்த ஓட்டம் இருப்பதால் அழுத்தித் தொட்டால் வலிக்கும். வழக்கமாகச் சொறியக் கொடுக்கும் கிளி அப்போது சீறினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆபத்தானது இதன் எதிர்ப்பக்கம். “இப்போல்லாம் ரொம்பச் சாதுவாயிடுச்சு, கத்துறதே இல்லை” என்று யாராவது சந்தோஷப்பட்டால் எனக்குத் திக்கென்றுதான் இருக்கும். இரையாகும் விலங்குகளைப் போல, கிளியும் நோயை முடிந்தவரை மறைக்கும். வெளியே தெரிகிறது என்றால் பெரும்பாலும் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். பகலிலேயே இறகை உப்பவைத்து, இரண்டு காலிலும் தாழ்ந்து உட்கார்ந்து கண்ணைப் பாதி மூடியிருப்பது, கூண்டின் தரையில் ஒடுங்கிக்கிடப்பது, சும்மா இருக்கும்போதே ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் அசைவது: இவற்றில் எதைப் பார்த்தாலும் நாளை என்று தள்ளாமல் பறவைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அலகைத் திறந்து மூச்சுவிட்டு, சிறகுகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தால் முதலில் வெயிலும் புழுக்கமும் காரணமா என்று பாருங்கள். கிளிக்கு வியர்க்காது, சூட்டை இப்படித்தான் வெளியேற்றும். குளிர்ந்த இடத்துக்கு மாற்றியும் அது நிற்காவிட்டால் மருத்துவர்தான்.

கண்ணுக்குத் தெரியாததை எடை காட்டிக்கொடுக்கும். கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று போதும். காலையில் எச்சமிட்ட பின், இரை வைப்பதற்கு முன் நிறுத்துக் குறித்துவையுங்கள். பட்ஜி என்ற சின்னக் கிளியின் மொத்த எடையே 30, 40 கிராம்தான். அதில் 4 கிராம் குறைந்தால் பத்தில் ஒரு பங்காவது போய்விட்டது. இறகுப் போர்வைக்குள் அந்த மெலிவு வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.