தென்னை கருந்தலைப் புழுவுக்குக் கோனியோசஸ் குளவி: வளர்ப்பது எப்படி, தோப்பில் விடுவது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் உச்சிப்புளி, பெரியபட்டினம், தங்கச்சிமடம் பக்கம் தை மாதம் தாண்டினால் சில தோப்புகளில் அடிமட்டைகள் கருகிக் காய ஆரம்பிக்கும். வெயில் ஏற ஏற அது மேல்மட்டைக்கும் பரவும். காரணம் கருந்தலைப் புழு என்றால், அதன் இயற்கை எதிரி ‘கோனியோசஸ் நெபான்டிடிஸ்’ என்ற சின்னக் கறுப்புக் குளவி. பெத்திலிடே குடும்பம். 3 முதல் 4 மி.மீ. நீளம்தான், பார்த்தால் இறக்கை முளைத்த எறும்பு என்றே நினைப்பீர்கள். இதை வளர்ப்பது கடினமில்லை. ஆனால் இனச்சேர்க்கை முடிந்து, தேன் குடித்துத் தெம்பாக இருக்கும் பெண் குளவியை, சரியான பருவத்துப் புழு மரத்தில் இருக்கும்போது விட வேண்டும். இது தவறினால் எத்தனை ஆயிரம் விட்டாலும் பலன் கிடைக்காது.

படி 1: முதலில் புழுதானா என்று பாருங்கள்

கடலோரத்தில் உப்புக் காற்றாலும் ஓலை காயும். அது கீற்றின் நுனியில் தொடங்கி உள்ளே வரும். கீற்றின் அடிப்பக்கம் (கீழ்ப்புறம்) சுத்தமாக இருக்கும். கருந்தலைப் புழு தாக்கிய கீற்றைத் திருப்பினால், அடிப்பக்கத்தில் நூலும் எச்சமும் சேர்த்துக் கட்டிய நீளமான கூடு ஒட்டியிருக்கும். புழு அதற்குள் இருந்துகொண்டு பச்சையத்தைச் சுரண்டித் தின்னும்.

நான்கைந்து மரங்களில் நடுவரிசை மட்டைகளிலிருந்து சில கீற்றுகளை வெட்டி, கூடுகளைப் பிரித்துப் பாருங்கள். நடுத்தர, பெரிய புழுக்கள் (மூன்றாம் பருவத்துக்கு மேல்) அதிகம் இருந்தால் கோனியோசஸுக்கு ஏற்ற நேரம். கூட்டுப்புழுக்களே அதிகம் என்றால் இப்போது விடுவது வீண். கோனியோசஸ் கூட்டுப்புழுவைத் தொடாது. அதற்கு ‘பிராக்கிமீரியா’ என்ற வேறு குளவி இருக்கிறது.

படி 2: குளவியின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். பின்னால் வரும் ஒவ்வொரு வேலைக்கும் காரணம் இதில்தான் இருக்கிறது.

பெண் குளவி தன்னைவிடப் பல மடங்கு பெரிய புழுவைக் கொட்டி அசையாமல் செய்யும். பிறகு அதன் உடல்மேல் வெள்ளை முட்டைகளை இடும். பெரிய புழுவில் அதிகம், சின்னப் புழுவில் குறைவு. பத்துக்கு முன்பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு நாளில் பொரிக்கும் குஞ்சுகள் புழுவின் தோலில் வாயைப் பதித்து வெளியிலிருந்தே உறிஞ்சும். சில நாளில் புழு வெறும் தோலாகிவிடும். குஞ்சுகள் பக்கத்திலேயே பழுப்பு நிறக் கூடு கட்டும். முட்டையிலிருந்து குளவியாக 10 முதல் 14 நாள்.

இத்தனை நாளும் தாய் பெரும்பாலும் குஞ்சுகளை விட்டு நகராது. வேறு பெண் குளவி வந்தால் முட்டைகளை அழித்துவிட்டு அந்தப் புழுவைத் தனதாக்கிக்கொள்ளும் என்பதே காரணம். ஒரு புழுவுக்காக இரண்டு பெண்கள் சண்டையிடும். பெரும்பாலும் உடல் பெரியதே ஜெயிக்கும். தோற்றது ஒரு வாசனைப் பொருளை வெளியிட்டு விலகும்.

ஒரு ஈட்டில் (ஒரு புழுவின்மேல் பிறப்பவற்றில்) ஒன்றிரண்டுதான் ஆண், மீதி எல்லாம் பெண். ஆண்கள் சற்று முன்னால் வெளிவந்து, கூடப் பிறந்த பெண்களுடனேயே சேரும். சேராத பெண்ணும் முட்டையிடும், ஆனால் பிறப்பது அத்தனையும் ஆணாக இருக்கும்.

படி 3: தீனிப்புழு

கருந்தலைப் புழுவைத் தோப்பில் தேடிச் சேர்ப்பது கட்டுப்படியாகாது. நெல் அந்துப்பூச்சியான கார்சைராவின் புழுவே போதும். ஒரு அகன்ற தட்டுக்கு:

- உடைத்து, சூடாக்கி ஆறவைத்த கம்பு 2.5 கிலோ
- பொடித்த நிலக்கடலைப் பருப்பு 100 கிராம்
- ஈஸ்ட் 5 கிராம், நனையும் கந்தகம் 5 கிராம்
- கார்சைரா முட்டை 0.5 சிசி

கந்தகம் சிலந்திப்பேன் வராமலிருக்க. காடாத் துணியால் மூடிக் கட்டுங்கள். 30 முதல் 35 நாளில் புழு முழு வளர்ச்சி பெறும். முட்டை வாங்கும்போது டிரைக்கோகிரம்மா (முட்டை ஒட்டுண்ணிக் குளவி) அட்டைக்கானதை வாங்கிவிடாதீர்கள்; புற ஊதா ஒளி காட்டிய அந்த முட்டை பொரிக்காது. தட்டுகளைக் கையாளும்போது முகக்கவசம் அவசியம். அந்துப்பூச்சியின் செதில் தூசி பலருக்கு மூச்சிரைப்பு தரும்.

படி 4: குழாயில் வளர்ப்பு

தாய்க் குளவிகள் வேளாண்மைத் துறையின் ஒட்டுண்ணி உற்பத்தி மையங்களிலும் பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள ஆராய்ச்சி மையத்திலும் கிடைக்கும்.

ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் ஒரு பெண் குளவி, ஒரு பெரிய புழு. அவ்வளவுதான். இடத்தை மிச்சப்படுத்த இரண்டு பெண்களை ஒன்றாகப் போட்டால் சண்டையில் முட்டைகள்தான் போகும். பாதிக்குப் பாதி நீர் கலந்த தேனைக் காகிதத் துண்டில் மெல்லிய கோடாகத் தடவி உள்ளே வையுங்கள். சொட்டாக வைத்தால் குளவி ஒட்டிச் செத்துவிடும். நம் கடலோர ஈரப்பதத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். வாயைப் பஞ்சால் அடைத்து, 26 முதல் 30 டிகிரி வெப்பத்தில் வையுங்கள். தகரக் கொட்டகை வேண்டாம். ஓலைக் கூரை நல்லது.

முட்டை வந்தபின் குழாயை உருட்டாதீர்கள், தட்டாதீர்கள். முட்டையும் குஞ்சும் புழுவிலிருந்து உதிர்ந்தால் பிழைக்காது. புதுக் குளவிகள் வெளிவந்ததும் உடனே பிரிக்காமல், இரண்டு நாள் அதே குழாயில் தேனோடு விட்டு வையுங்கள். சேர்க்கை அங்கேதான் நடக்கும். அடுத்த தலைமுறையில் ஆண்களாகவே வந்தால், அவசரப்பட்டுப் பிரித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இன்னொரு தொல்லை பிரக்கான் குளவி. அது அழைக்காமலே கார்சைரா தட்டில் புகுந்து புழுக்களை முடக்கிவிடும். தட்டு இருக்கும் அறையும் குளவி இருக்கும் அறையும் தனித்தனியாக இருக்கட்டும். பலகைக் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

படி 5: எத்தனை வேண்டும்?

ஹெக்டேருக்கு 3,000, அதாவது ஏக்கருக்குச் சுமார் 1,200. ஏக்கருக்கு 70 மரம் என்றால் மரத்துக்கு 17. ஒரு குழாயில் எட்டுப் பெண் தேறினாலும் 150 குழாய் வேண்டும். சில வீணாகும் என்பதால் 200 வையுங்கள். 25 தாயோடு தொடங்கினால் இரண்டாம் சுற்றில் இந்த எண்ணிக்கை கைக்கு வரும்.

படி 6: தோப்பில் விடுதல்

மருந்து தெளித்திருந்தால் மூன்று வாரம் பொறுங்கள். முழுதும் காய்ந்த அடிமட்டைகளை வெட்டி எரிக்கலாம். எரிக்கும் முன் கூடுகளைப் பிரித்துப் பாருங்கள். சுருங்கிய புழுத்தோல் பக்கத்தில் பழுப்புக் கூடுகள் கொத்தாக இருந்தால் கோனியோசஸ் ஏற்கெனவே தோப்பில் இருக்கிறது. அந்தக் கீற்றை மட்டும் எடுத்து வேறு மரத்தில் செருகுங்கள்.

விடும் முந்தின நாள், தோப்பிலிருந்து எடுத்த புழுக்கூட்டின் எச்சத்தை ஒரு சிட்டிகை குழாயில் போடுங்கள். அந்த வாசனைக்குப் பழகிய குளவி மரத்தில் புழுவை விரைவாகக் கண்டுபிடிக்கும். ஏறக்குறைய ஐந்து நாள் வயதான பெண்களே ஏற்றவை.

காலை வெயில் ஏறுவதற்குள், அல்லது சாயங்காலம் விடுங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) பலமாக அடிக்கும் நாளில் வேண்டாம்; இத்தனை சிறிய பூச்சியைக் காற்று கடலுக்கே கொண்டுபோய்விடும். மரத்தண்டில் குழாயின் வாயை மேல்நோக்கிப் பிடித்துத் திறந்தால் அவை தானாக ஏறும். மட்டைக்கொண்டைக்குள் விடாதீர்கள், அங்கே சிலந்திகளும் கொலைகார நாவாய்ப் பூச்சிகளும் பிடித்துத் தின்றுவிடும். எறும்புச் சாரை ஓடும் தண்டையும் தவிருங்கள்.

படி 7: பலன் தெரிகிறதா?

15 நாள் கழித்து மறுபடி கீற்றுகளை வெட்டிப் பாருங்கள். அசையாத புழு, அதன்மேல் குஞ்சுகள், பக்கத்தில் பழுப்புக் கூடு: மூன்றில் ஒன்றாவது தென்பட வேண்டும். உயிருள்ள பெரிய புழுக்கள் இன்னும் இருந்தால் அதே அளவில் அடுத்த முறை விடுங்கள். காய்ந்த ஓலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். குருத்திலிருந்து புதிதாக விரியும் மட்டைகளின் அடிப்பக்கம் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துத் தோப்பிலும் தாக்குதல் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே வாரத்தில் விடுங்கள். கருந்தலைப் புழுவின் தாய் அந்துப்பூச்சி வேலி பார்த்துப் பறக்காது.