பீடி சுற்றும் ஊரில் கைப்பிள்ளைக் காப்பகம்: தொடங்குவதும் நடத்துவதும்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம் பக்கம் பீடி பெரும்பாலும் வீட்டில்தான் சுற்றப்படுகிறது. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்கிற சட்டம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேராது. அங்கன்வாடியில் இரண்டு வயது முடிந்த பிள்ளையைத்தான் உட்கார வைப்பார்கள். அதற்குக் கீழே என்றால் சத்துமாவுப் பொட்டலம் வரும், அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட அந்தப் பிள்ளையைப் பார்க்கத்தான் எட்டாம் வகுப்பு அக்காள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறாள். காப்பகம் முதலில் இந்த வயதுப் பிள்ளைக்குத்தான்.

இடம் தேடும் முன் நேரத்தை முடிவு செய்யுங்கள். தெருவில் இருபது வீட்டில் கேட்டால் போதும்: எத்தனை மணிக்கு வேலைக்கு இறங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள், எந்த மாதத்தில் நெருக்கடி? தாமிரபரணி பாசனத்து ஊர்களில் கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகத்துக்கும் நடவு வந்துவிட்டால் பெண்கள் விடியக்காலையிலேயே வயலில் இருப்பார்கள். செங்கல் சூளையில் விடியுமுன்னே வேலை தொடங்கும். பீடி வீடுகளில் சுற்றியதைக் கடையில் ஒப்படைத்து, இலையும் புகையிலைத் தூளும் வாங்கித் திரும்பும் நேரம்தான் கஷ்டம். ஒன்பது மணிக்குத் திறந்து மூன்றரைக்குப் பூட்டும் காப்பகம் இவர்களில் பலருக்கு உதவாது. நடவுக் காலத்தில் ஆறு மணிக்கும் மற்ற நாளில் எட்டுக்கும் திறந்து, மாலை ஆறு மணிக்கு மூடுங்கள்.

அரசின் பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்த்துக் காப்பகம் நடத்தலாம். அதன் கணக்கு மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம், 25 பிள்ளைக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். ஊராட்சித் தீர்மானத்தோடு வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் மனுக் கொடுங்கள். ஆனால் அந்த ஆள்கணக்கு நாலு வயதுப் பிள்ளைக்குத் தாங்கும், தவழும் பிள்ளைக்குத் தாங்காது. ஒரு வயதுக்குக் கீழே மூன்று பிள்ளைக்கு ஒருவர், ஒன்றிலிருந்து மூன்று வரை ஐந்தாறு பேருக்கு ஒருவர் என்று வையுங்கள். பன்னிரண்டு பிள்ளைக்கு மூன்று பேர் வேண்டும்.

கூலியில்தான் காப்பகம் நிற்பதும் விழுவதும். பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அந்த ஊரில் ஆயிரம் பீடி சுற்றினால் கிடைக்கும் கூலியை விடக் குறைத்துக் கொடுத்தால், ஒரு மாதத்துக்குள் சொளவு, அதாவது பீடி சுற்ற மடியில் வைக்கும் முறம், காப்பகத்துக்குள் வந்துவிடும். மடியில் சொளவு இருந்தால் கண் இலை வெட்டும் கத்தரியில் இருக்கும், பிள்ளை மேல் இருக்காது. வண்ணச் சுவருக்கும் பிளாஸ்டிக் சறுக்கு மரத்துக்கும் ஒதுக்கிய பணத்தைக் கூலியில் போடுங்கள்.

கட்டடம் தாய்மார் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். தூரமானால் பால் கொடுக்க வரமாட்டார்கள், புட்டிப்பால் நுழைந்துவிடும். பன்னிரண்டு பிள்ளைக்கு 300 சதுர அடிக் கூடம் தாராளம். தகரக் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று வேயாமல் சித்திரை வைகாசியில் பிள்ளையை உள்ளே படுக்கவைக்கக் கூடாது. தரைக்குப் பத்தமடைப் பக்கத்துச் சாதாரணக் கோரைப்பாய் போதும். ஆளுக்கு இரண்டு பாய் வாங்குங்கள். மூத்திரத்தில் நனைந்ததைச் சுருட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும், வெயிலில் காய்ந்தே மடிக்க வேண்டும். ஒரு சாண் தண்ணீருள்ள வாளியிலும் தவழும் பிள்ளை தலைகுப்புற விழுந்து மூழ்கும், ஆகவே மூடியில்லாத பாத்திரம் எதுவும் கூடத்தில் வேண்டாம். சேலைத் தொட்டில் ஒரு வயதுக்குள் மட்டும். தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் உயரக் கூடாது, கீழே பாய் விரிக்க வேண்டும். பெரிய பிள்ளைகள் அதில் ஆடினால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். பிள்ளை எழுந்ததும் தொட்டிலை அவிழ்த்து மேலே முடிந்துவிடுங்கள்.

விளையாட்டுக்குப் பனையோலைக் கிலுக்கும் சின்ன நார்ப்பெட்டியும் எதேஷ்டம். கிலுக்கு வாயில்தான் போகும், அதனால் சாயம் போடாத ஓலையாகச் சொல்லி வாங்குங்கள். புளியங்கொட்டை, நிலக்கடலை, கடலைமிட்டாய் மூன்றும் ஐந்து வயதுவரை வாசலைத் தாண்டக் கூடாது; மூச்சுக் குழாயில் போய்ச் சிக்கும்.

புகையிலைத் தூள் இந்த ஊர்களுக்கே உரிய ஆபத்து. வாசலில் சோப்பும் தண்ணீரும், கொடியில் துவைத்த சட்டைகளும் இருக்கட்டும். பால் கொடுக்க வரும் தாய் முழங்கைவரை கழுவி, சேலை மேல் அந்தச் சட்டையைப் போட்ட பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். தூளைத் தின்ற பிள்ளை வெளிறி, எச்சில் வடித்து, வாந்தி எடுக்கும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சாப்பாட்டில் நடக்கும் தவறு ஒன்றே: கூழைத் தண்ணீராகக் கரைப்பது. வயிறு நிறையும், சத்து சேராது. கேப்பைக் கூழோ பருப்புச் சாதமோ, கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்க வேண்டும். ஆறு மாதத்தில் இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, ஒன்பதாம் மாதத்துக்குள் 250 மில்லிக் கிண்ணத்தில் பாதிக்கு வர வேண்டும். ஒரு வயதுக்கு மேல் முக்கால் கிண்ணத்திலிருந்து முழுக் கிண்ணம். காப்பகத்தில் இரண்டு வேளை, இடையில் ஒரு வாழைப்பழம். கிண்ணத்துக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் விடுங்கள், முட்டையும் முருங்கைக் கீரையும் மசித்துச் சேருங்கள். ஒரு வயதுவரை தேன் வேண்டாம். எவ்வளவு தின்றது என்பதைப் பிள்ளைவாரியாக எழுதி, மாலையில் தாயிடம் சொல்லுங்கள்.

மாதத்துக்கு ஒரு நாள் ஒரே தராசில் எடை பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல், மேல்கைச் சுற்றளவை அளக்கும் புயத்தளவு நாடாவும் போடுங்கள். 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு: அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம், அவர்கள் சொன்னால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனை. 11.5 முதல் 12.5 வரை மஞ்சள்: கிராம சுகாதார செவிலியரிடம் காட்டிவிட்டு ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள். வயிற்றுப்போக்கு என்றால் ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதிப் பொட்டலம் அரை லிட்டர் என்று கண்ணளவு போடாதீர்கள். 24 மணி நேரம் கழிந்தால் கொட்டிவிடுங்கள். துத்தநாக மாத்திரை 14 நாள். போக்கு நின்றதும் நிறுத்திவிடுவார்கள், எண்ணிக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

புதுப் பிள்ளையை முதல் நாளே விட்டுப் போகச் சொல்லாதீர்கள். இரண்டு நாள் தாய் கூட இருக்கட்டும், மூன்றாம் நாள் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள். ஒரு பிள்ளையை ஒரே பெண் ஊட்டி, கழுவி, தூங்கவைத்தால் அழுகை சீக்கிரம் அடங்கும். பிள்ளையைக் கூட்டிப்போக வருவோர் மூன்று பேருக்குள் இருக்கட்டும். பேரும் உறவும் பதிவேட்டில் இல்லாவிட்டால் மாமா என்று சொல்லி வந்தாலும் அனுப்பக் கூடாது.

கட்டணம் வாங்குவதானால் வாரக் கூலி கைக்கு வரும் நாளில், வந்த நாளுக்கு மட்டும் கணக்கிட்டு வாங்குங்கள். பாக்கி வைத்த வீட்டுப் பெயரைப் பலகையில் எழுதவே கூடாது. மழையில் இலை நமுத்து, சுற்று குறையும் வாரங்களில் பாக்கி விழத்தான் செய்யும். அதற்கென்று மகளிர் குழுவில் தனியாகக் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள்.