கூகுளை அழிச்சிட்டேன் அண்ணாச்சி!

போன மாதம் பாளையங்கோட்டைக் கடைக்கு ஒரு பையன் வந்தான். காலேஜ் மூன்றாம் வருடம். லேப்டாப்புக்கு ரேம் போட வந்தவன் பேச்சுவாக்கில் சொன்னான்: "கூகுள் போட்டோஸ மொத்தமா அழிச்சிட்டேன் அண்ணாச்சி. எல்லாம் இப்ப நம்ம சொந்த சர்வர்லதான்." முகத்தில் அப்படியொரு பூரிப்பு. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"சர்வர் எங்கல இருக்கு?"

"வீட்லதான். டிவிக்குக் கீழ."

டிவிக்குக் கீழே இருக்கும் அந்தத் தட்டை நான் நன்றாக அறிவேன். அவன் வீட்டுத் தட்டை அல்ல, என் வீட்டுத் தட்டை. அந்தக் கதை பின்னால் வருகிறது.

கட்டற்ற மென்பொருள், தனியுரிமையை மதிக்கும் சேவைகள் என்று மாற நினைக்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பிறந்த தேதியைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள், கண்ட இடத்திலும் ஏபிகே இறக்காதீர்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது தெரிந்தவர்கள்தான் இந்தப் பக்கமே வருவார்கள். விவரம் தெரிந்தவர்கள் சறுக்கும் இடங்கள் வேறு. பெரும்பாலானவற்றில் நானே விழுந்து எழுந்திருக்கிறேன்.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் மாற்றுவது

மெயில், மேப், கீபோர்டு, பிரவுசர், சாட் என்று ஒரே மூச்சில் மாற்றினால் புதன்கிழமைக்குள் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள். மாதத்துக்கு ஒன்று போதும். முதலில் பிரவுசர். பயர்பாக்ஸும் அதில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினும் போட்டாலே பாதி நிம்மதி, வீட்டில் யாருக்கும் தொந்தரவும் இல்லை. மெயிலைக் கடைசிக்குத் தள்ளுங்கள். வங்கி, பிஎஃப், கேஸ் புக்கிங், எல்ஐசி என்று அந்த முகவரி எங்கெங்கே வேர்விட்டிருக்கிறதோ, பிடுங்கும்போதுதான் தெரியும்.

ஆளில்லாத ஊரில் குடியேறுவது

2021 ஜனவரியில் வாட்ஸப் புது நிபந்தனைகளை நீட்டியபோது, குடும்பம் மொத்தத்தையும் சிக்னல் என்ற சாட் ஆப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். சிக்னலில் குறையில்லை. லாப நோக்கமற்ற அறக்கட்டளை நடத்துகிறது. நிரல் திறந்தது, யாரும் எடுத்துப் பார்க்கலாம். பேச்சு முழுக்க எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன், அதாவது பேசுகிறவர்கள் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாத மறையாக்கம். ஆனால் பத்து நாள் கழித்து அத்தை போன் போட்டாள்: "ஏய்யா, அந்த நீலக் கலர்ல ஒருத்தரும் பேச மாட்டுக்காவளே, எதும் சண்டையா?"

யாரும் இல்லாத இடத்தில் அத்தை மட்டும் தினமும் குட்மார்னிங் படம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போது நான் சிக்னலில் பேசுவது மனைவியோடும் தம்பியோடும் மட்டும். வாட்ஸப்பும் போனில் இருக்கிறது. இதில் எனக்கு வெட்கமில்லை.

நம்மூர் ஆப் என்பதால் திறந்த நிரல் என்று நினைப்பது

2025 செப்டம்பர் கடைசியில் அரட்டை ஆப் காட்டுத்தீயாகப் பரவியது. நமக்குக் கூடுதல் பாசம். அதைச் செய்த ஸோஹோவுக்குத் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் உண்டல்லவா! பாசம் இருக்கட்டும். அதன் நிரல் திறந்தது அல்ல. எல்லாரும் ஏறிய அந்த நாட்களில் அழைப்புகளுக்குத்தான் எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. டெலிகிராம் இன்னொரு ரகம். போனில் ஓடும் ஆப்பின் நிரல் திறந்தது, சர்வர் நிரல் மூடியது. சீக்ரெட் சாட் என்று தனியாகத் திறந்தால் ஒழிய உங்கள் பேச்சு அவர்கள் சர்வரில்தான் கிடக்கும். எந்த ஆப்பாக இருந்தாலும் நிரல் திறந்ததா, மறையாக்கம் தானாகவே நடக்கிறதா, யார் காசில் ஓடுகிறது என்ற மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

மூன்றும் சரியாக இருந்தாலும் கண்ணைத் திறந்துதான் வைத்திருக்க வேண்டும். சிம்பிள் மொபைல் டூல்ஸ் என்ற பெயரில் கேலரி, காலண்டர், கான்டாக்ட்ஸ் என அருமையான திறந்த நிரல் ஆப்கள் இருந்தன. நானே எத்தனையோ போனில் போட்டுக்கொடுத்திருக்கிறேன். 2023 கடைசியில் அவை வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. நிரல் வெளியில் இருந்த புண்ணியத்தில் அதை ஃபாசிஃபை என்று பிரித்தெடுத்து இன்றும் தொடர்கிறார்கள். விற்ற செய்தி வந்த வாரம், போட்டுக்கொடுத்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மாற்றச் சொன்னதில் என் தொண்டை கட்டிப்போனது.

இலவச விபிஎன்

வேண்டாம்.

பழையதை அழித்துவிட்டுப் புதியதை நம்புவது

இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

2023-இல் நாங்கள் திருநெல்வேலி சிந்துபூந்துறையில் குடியிருந்தோம், தாமிரபரணி ஆற்றுக்குக் கூப்பிடு தூரம். பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றி, அதைச் சொந்த சர்வராக்கும் நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருளை நிறுவி, வீட்டில் எல்லார் போனிலிருந்தும் படங்கள் தானாக அதில் வந்து சேரும்படி செய்தேன். கூகுள் டேக்அவுட் வழியே பத்து வருடப் படங்களை ஜிப் ஜிப்பாக இறக்கினேன். அதிலும் ஒரு குழி உண்டு. ஸ்கேன் செய்தவை, வாட்ஸப்பில் வந்தவை போன்ற படங்களுக்குத் தேதி, பக்கத்திலேயே தனியாகக் கிடக்கும் ஜேசான் என்ற சிறு விவரக் கோப்பில்தான் இருக்கும். அதைப் படத்தோடு சேர்க்காமல் ஏற்றினால், வெவ்வேறு வருடத்துக் குற்றாலச் சீசனெல்லாம் ஒரே நாளில் வந்து குவியும். எனக்குக் குவிந்தது. பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டேன்.

அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி லீவு. கூகுளில் இருந்ததை மொத்தமாக அழித்தேன். அழித்தவை குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும் என்றது. அந்த 60 நாளில் ஒரு படத்தையாவது திறந்து சரிபார்த்தேனா? இல்லை. டிசம்பர் 1 அன்று கெடு முடிந்தது.

பேக்கப் இல்லாமல் இல்லை. 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றை யூஎஸ்பியில் செருகி, அந்த லேப்டாப்பின் தலைமேலேயே வைத்திருந்தேன். தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு நகலெடுக்கும். அந்தச் சின்ன நீல விளக்கு மினுக்குவதைப் பார்க்க எழுந்து உட்கார்ந்த ராத்திரிகூட உண்டு.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மழை விடவே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். தாமிரபரணி கரைகொள்ளாமல் வந்தது. கரண்ட் போய்விட்டது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது ரேஷன் கார்டு, நகை, அம்மாவின் சுகர் மாத்திரை, இவ்வளவோடு எதிர்வீட்டு மாடிக்கு ஏறினோம். டிவி ஸ்டாண்டு ஞாபகத்துக்கு வந்தது பாதி ராத்திரியில். அதற்குள் இறங்க வழியில்லை.

வடிந்தபின் போய்ப் பார்த்தால், லேப்டாப்பும் டிஸ்க்கும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது வைத்தபடி, வண்டலுக்குள். யூஎஸ்பி வாய் முழுக்கச் சேறு. மனசு கேளாமல் துடைத்து, கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நனைந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது, காயவைக்கவும் கூடாது, ஈரத்தோடு அப்படியே கொண்டுவர வேண்டும் என்று டேட்டா மீட்கிற இடத்தில் சொன்னார்கள், காசை வாங்கிக்கொண்ட பிறகு.

அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அதில்தான் இருந்தன. அப்பா இப்போது இல்லை. இன்றைக்கு எங்களிடம் மிச்சம் பதினான்கு படங்கள். மதினி போனில், வாட்ஸப்பில் கிடந்தவை. எதை விட்டு ஓடினேனோ அது சுருக்கி வைத்திருந்த நகல்கள்! பெரிதாக்கினால் அப்பா கழுத்து ரோஜா மாலை சிவப்புக் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது.

வெள்ளத்தின் மேல் எனக்கு வருத்தமில்லை. வெள்ளம் வராவிட்டால் இடி, திருடன், எலி. ஒரே தட்டில் இரண்டு நகலை வைத்துவிட்டு பேக்கப் என்று பெயர் சொன்னேனே, அதைத்தான் இன்னும் பொறுக்க முடியவில்லை. பெரிய கம்பெனியை விட்டு வரும்போது, அது சத்தமில்லாமல் பார்த்துவந்த வேலையும் நம் தலைக்கு வருகிறது. நிறுவிக்காட்டும் வீடியோக்களோ, சர்வர் ஓடத் தொடங்கியதும் "சப்ஸ்கிரைப் பண்ணுங்க" என்று முடிந்துவிடுகின்றன.

கடைக்கு வருகிறவர்கள் "சின்க்திங் போட்டிருக்கேன், அதான் பேக்கப்" என்கிறார்கள். சின்க்திங் என்பது போனையும் லேப்டாப்பையும் ஒரே மாதிரி வைத்திருக்கும் மென்பொருள். அதை அப்படியே இருபக்கமும் ஓடவிட்டால், போனில் கைதவறி அழித்தது லேப்டாப்பிலும் அழியும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் ரெயிடும் பேக்கப் ஆகாது. டிஸ்க் ஒன்று செத்தால் காப்பாற்றும், வீட்டுக்குள் ஆறு வந்தால் காப்பாற்றாது. மூன்று நகல், இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு இடத்தில். பழைய விதிதான், நான் கேட்டதும் உண்டு, கேட்டபடி நடக்கவில்லை.

இப்போது என் மூன்றாவது நகல் அம்பாசமுத்திரத்தில் மாமனார் வீட்டு மாடிப் பீரோவில், பட்டுச்சேலைகளுக்கு நடுவே இருக்கிறது. வெராகிரிப்ட் என்ற மறையாக்க மென்பொருளில் பூட்டிய டிஸ்க். மாதம் ஒருமுறை போய் மாற்றுகிறேன். அப்போதே ஏதாவது பத்துப் படத்தைத் திறந்தும் பார்த்துவிடுகிறேன். "மாப்பிள்ளை டிஸ்க்க பாக்க வந்திருக்காவ" என்று மாமியார் கிண்டல் செய்கிறார்.

இவ்வளவு பாடுபட நேரமில்லாதவர்கள் எண்டே மாதிரி எண்ட்-டு-எண்ட் மறையாக்கமும் திறந்த நிரலும் உள்ள படச் சேமிப்புச் சேவைக்குக் காசு கொடுத்துவிடலாம்.

சாவியைத் தொலைப்பது

பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் பிட்வார்டன், கீபாஸ் இவற்றில் மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்துபோனால் ஓடிபி அனுப்பி மீட்டுத்தர எவரும் இல்லை. ஆண்ட்ராய்டு சிக்னல் போனிலேயே எடுக்கும் பேக்கப்புக்கு ஒரு நீளமான சாவி உண்டு. லாகின் ஓடிபியைப் போனிலேயே உருவாக்கும் ஏஜிஸ் ஆப் வைத்திருப்பவர்கள் அதன் பெட்டகத்தை வெளியே எடுத்துவைக்க வேண்டும். எல்லாச் சாவிகளையும் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.

பாமினியை மறப்பது

டவுனில் டிடிபி கடை வைத்திருக்கும் ஒருவருக்கு லினக்ஸும், எம்எஸ் ஆபீஸுக்குப் பதிலான லிப்ரேஆபீஸும் போட்டுக்கொடுத்தேன். மறுநாள் கல்யாணப் பத்திரிகையைத் திறந்தால் மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை. பழைய கோப்பெல்லாம் பாமினி எழுத்துரு, யூனிகோடுக்கு முந்தைய சங்கதி. புதிதாக லினக்ஸ் ஏற்றிய கம்ப்யூட்டரில் நான் அந்த எழுத்துருவை ஏற்றவில்லை. "நல்லா ஓடிட்டிருந்தத எதுக்குவே மாத்துனீரு?" என்றார். ஐந்து நிமிட வேலைதான். அந்த ஐந்து நிமிடத்தை முந்தின நாளே செய்திருக்க வேண்டும்.

மேப்பில் உங்கள் தெரு இல்லை என்று திட்டுவது

எல்லாரும் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நீங்களே வரைந்து சேர்க்கலாம்.

அந்தப் பையன் கதை பாதியில் நிற்கிறது. "அழிச்சு எத்தன நாளாச்சு?" என்று கேட்டேன். "நாப்பது நாள் இருக்கும் அண்ணாச்சி." ரேமைக் கீழே வைத்துவிட்டு அவன் போனை வாங்கினேன். குப்பைத்தொட்டியில் எல்லாம் அப்படியே கிடந்தது. ஒன்றுவிடாமல் மீட்டுக்கொடுத்தேன்.

"திரும்பியும் கூகுள்லயா?" முகம் தொங்கிவிட்டது.

"ஆறு மாசத்துக்கு. அதுக்குள்ள இன்னொரு டிஸ்க்க வாங்கி உங்க ஆச்சி வீட்டுப் பரண்ல வை. வச்சுட்டு வா, நானே கூட இருந்து அழிச்சுத் தாரேன்."