மேசை விளக்கின் ஒயர் சுவிட்ச் சூடானால்: பத்திரமாக மாற்றும் முறை

60 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் எடுப்பது சுமார் 0.26 ஆம்பியர்தான். எல்இடி பல்புக்கு அதைவிடக் குறைவு. 2 ஆம்பியர் தாங்கும் சின்ன ஒயர் சுவிட்சுக்குக்கூட இது ஒரு சுமையே இல்லை. அப்படியிருந்தும் சுவிட்ச் சூடானால், உள்ளே ஓர் இணைப்பு கெட்டிருக்கிறது என்று பொருள். ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், ஒயரின் இழைகள் பாதி அறுந்திருக்கலாம், தொடுமுனை தீய்ந்திருக்கலாம். அந்த இடத்தில் 10 ஓம் மின்தடை சேர்ந்தாலே சுமார் 0.7 வாட் வெப்பம் பிறக்கும். காற்றுப் போகாத சிறு பிளாஸ்டிக் கூட்டுக்குள் அதுவே கையில் தெரியும். சூடு ஏற ஏற இணைப்பு மேலும் கெடும், அதனால் இன்னும் சூடாகும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் மட்டும் விதிவிலக்கு: அது லேசாக வெதுவெதுப்பது இயல்பு.

கருகிய நாற்றம், சரசரவென்ற ஒலி, பழுப்பேறிய பிளாஸ்டிக் என எது தெரிந்தாலும் அன்றே விளக்கை ஒதுக்குங்கள். மேலே இன்சுலேஷன் டேப் சுற்றுவதும் தொடுமுனையை உப்புத்தாளால் தேய்ப்பதும் வேண்டாம். தேய்த்தால் மேலிருக்கும் வெள்ளிப் பூச்சு போய்விடும், பிறகு இன்னும் சீக்கிரம் தீயும்.

வேலை தொடங்குமுன் பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வையுங்கள். சுவரில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வயரிங்கில் அது நியூட்ரலை (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயரை) வெட்டும்படி மாட்டியிருந்தால், அணைத்த பிறகும் விளக்கில் ஃபேஸ் (ஷாக் அடிக்கும் மின்சாரம்) நிற்கும். பல்பு ஆறியதும் கழற்றி வையுங்கள்.

புது சுவிட்ச் 250 வோல்ட், 2 ஆம்பியர் அல்லது அதற்கு மேல் என்று உடலிலேயே அச்சிட்டதாக இருக்கட்டும். ஒயரை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி உள்ளே இல்லாததை வாங்காதீர்கள்.

பழைய கூட்டைத் திறந்ததும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் வழியே வெட்டப்பட்டுப் போக வேண்டியது ஃபேஸ் மட்டும்: புது ஒயரில் பழுப்பு, பழையதில் சிவப்பு. நீல அல்லது கறுப்பு நியூட்ரலும் பச்சை எர்த்தும் வெட்டாமல் நேராகக் கடக்க வேண்டும். இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் ஃபேஸ் இடம் மாறிவிடும். அத்தகைய விளக்கில் பல்பு மாற்றும்போதுகூடப் பிளக்கைப் பிடுங்கியே ஆக வேண்டும்.

பலர் தவறுவது அடுத்த கட்டத்தில்தான். சூடுபட்ட ஒயரை அப்படியே புது சுவிட்சில் மாட்டினால் சில வாரங்களில் அதே கதை. கறுத்த செம்பு நன்றாகத் தொடாது. பளபளப்பான செம்பும், விறைக்காமல் வளைகிற உறையும் தெரியும்வரை வெட்டித் தள்ளுங்கள். ஒயர் குட்டையானால் நடுவில் முறுக்கி ஒட்டுப்போடாமல் 0.75 சதுர மில்லிமீட்டர் புது ஒயரையே போடுங்கள். விளக்கின் உடல் உலோகமாக இருந்தால் மூன்று கோர் (உள்ளே மூன்று தனித்தனிக் கம்பிகள் உள்ள) ஒயரும் மூன்று பின் பிளக்கும் வேண்டும். விளக்கில் சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி (இரட்டை இன்சுலேஷன்) இருந்தால் மட்டும் எர்த் தேவையில்லை.

ஒயர் முனையில் 6 முதல் 8 மில்லிமீட்டர் உறையை உரியுங்கள். ஓர் இழை அறுந்தாலும் மறுபடி வெட்டி உரிப்பதே சரி. இழைகளை முறுக்கி, டெர்மினல் துளை பெரிதாக இருந்தால் இரண்டாக மடித்துச் செருகி இறுக்குங்கள். முனையில் ஈயம் பூசாதீர்கள்: அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி ஸ்க்ரூ தளரும். பிறகு ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பாருங்கள். கவ்வி வெளியுறையைப் பிடித்திருக்க வேண்டும், உள்ளிருக்கும் கோர்களை அல்ல.

பல்பை மாட்டாமல், பிளக்கைச் செருகாமல், மல்டிமீட்டரைத் தொடர்பு (கன்டினியுட்டி) பார்க்கும் நிலையில் வைத்துச் சோதியுங்கள். பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் பின்களுக்கு இடையே சுவிட்ச் எந்த நிலையில் இருந்தாலும் தொடர்பு காட்டக் கூடாது. எர்த் பின்னுக்கும் உலோக உடலுக்கும் இடையே காட்ட வேண்டும், ஃபேஸ் பின்னுக்கும் உடலுக்கும் இடையே கூடாது. திருகு ஹோல்டரானால் ஃபேஸ் நடு முனைக்கு வர வேண்டும்.

பல்பைப் போட்டு அரை மணி நேரம் எரியவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய கையோடு சுவிட்சைத் தொட்டால் அறையின் குளிர்ச்சியே இருக்க வேண்டும். பிளக்கோ சுவர் சாக்கெட்டோ சுட்டால் தளர்வு அங்கே இருக்கிறது. சுவர்ப் பக்க வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.