முகிலுக்கு மேலே எழும் செவ்வொளியை உப்புவெளியிலிருந்து படம்பிடித்தல்

மின்னலைப் படம்பிடிப்போர் முகிலை நோக்கியே கமராவைத் திருப்புவார்கள். 'ஸ்பிரைட்' எனப்படும் செவ்வொளி வேண்டுமெனில், முகிலுக்கு மேலே ஒன்றுமில்லாததாகத் தோன்றும் இருளைக் குறிவைக்க வேண்டும். வலுவான மின்னலொன்று, பெரும்பாலும் நேரேற்றத்தைத் தரைக்கோ கடலுக்கோ இறக்கும் மின்னல், மேலேயுள்ள மின்புலத்தைத் திடீரென மாற்றும்போது, ஏறத்தாழ 50 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில் ஐதான காற்றிலுள்ள நைதரசன் சில மில்லிசெக்கன்களுக்குச் சிவந்து ஒளிர்கிறது. இப்படியொன்று நிகழலாமென்று பௌதிகவியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1920களிலேயே கருதியிருந்தும், 1989இல்தான் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தினரின் கமராவில் அது தற்செயலாக அகப்பட்டது.

ஒக்டோபர், நவம்பரில், வங்கக் கடலில் 200 முதல் 300 கிலோமீற்றர் தொலைவில் இடிமுகில் திரண்டு, இடையில் வானம் வெளித்திருக்கும் நிலவில்லாத இரவைச் செய்மதிப் படத்தைப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். திருகோணமலையில் கோணேசர் மலை உயரமானதுதான், ஆயினும் விளக்கு வெளிச்சம் இடைஞ்சல். விடுதிகளைத் தாண்டிய உப்புவெளிக் கடற்கரையே என் தெரிவு. இடிமுழக்கம் காதில் விழுந்தால் முகில் மிக அருகில் இருக்கிறது. முக்காலியை மடக்கிக்கொண்டு கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

கையை நீட்டி, மடக்கிய முட்டியைக் கடல்விளிம்பின்மேல் வைத்துப் பாருங்கள். 250 கிலோமீற்றர் தொலைவிலுள்ள முகிலின் உச்சி முட்டியின் கால்வாசிக்கும் எட்டாது. ஸ்பிரைட்டோ முட்டி முடியும் இடத்தில் தொடங்கி, இன்னும் அரை முட்டிக்கு மேலும் எழும். ஆகவே கடல்விளிம்பு படத்தின் அடியில் ஒரு கீற்றாக மட்டும் தெரிந்தால் போதும். 50 மில்லிமீற்றர் வில்லையை முழுமையாகத் திறந்து, விண்மீனொன்றில் கையாலேயே குவியம் பிடித்து, ஐ.எஸ்.ஓ. 3200இல் இரண்டு செக்கன் படங்களை இடைவிடாது எடுங்கள். உப்புக்காற்று வில்லையில் படியும். அடிக்கடி துடைக்காவிட்டால் இரவு முழுவதும் வீண்.

நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றில்தான் அது இருக்கும், இல்லாமலும் போகலாம். தலைப்பகுதி மங்கலாகப் பரந்து, கீழே ஆலம்விழுதுபோல் இழைகள் தொங்க, ஒரே படத்தில் மட்டும் தென்பட்டால் அது ஸ்பிரைட். அடுத்தடுத்த படங்களில் அதே இடத்தில் நிற்கும் சிவப்புப் புள்ளி கமராவின் குறை. கமராவின் கடிகாரத்தைப் புறப்படுமுன்பே செக்கன் பிசகாமல் திருத்தி வைத்திருந்தால், எந்த மின்னல் அந்த ஒளியைக் கிளப்பியது என்பதை இணைய மின்னல் வரைபடத்தில் தேடலாம்.